பிராடோவில் குளோட் லொரேனின் ‘புனித பவுலா’: விசா தொடங்கிப் படத்தின் முன் நிற்பது வரை

ஒரே ஓர் ஓவியத்தைப் பார்க்க ஸ்பெயின் வரைக்கும் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது உதவாது. போவது என்று முடிவெடுத்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் தேடியபோது தமிழில் கிடைத்ததெல்லாம் சுற்றுலா பேக்கேஜ் விளம்பரங்கள்தான். அவற்றில் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் இருந்தால், மதியச் சாப்பாட்டுக்கு முன் ஓர் ஓட்டம், அவ்வளவுதான்.

படம் இது: பிரெஞ்சு ஓவியர் குளோட் லொரேன் 1639–40 வாக்கில் ரோமில் வரைந்த ‘ஓஸ்தியா துறைமுகத்தில் புனித பவுலா கப்பலேறும் காட்சி’. உயரம் 211 செ.மீ., அகலம் 145 செ.மீ. ஆளை விட உயரமான படம். ஆனால் அதில் புனிதை சின்ன உருவமாகத்தான் இருப்பார். மீதி முழுக்கக் கடல், கட்டடங்கள், கப்பல்கள், வெயில். போன் திரையில் பார்த்தால் வெளிச்சமும் தெரியாது, புனிதையும் தெரிய மாட்டார். அதனால்தான் நேரில் போக வேண்டியிருக்கிறது.

கீழே சொல்லும் கட்டணங்கள் மாறக்கூடியவை. பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த அதிகாரபூர்வத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் படம் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள்

விசாவுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலானவர்கள் கடைசியில்தான் செய்கிறார்கள், அல்லது செய்வதே இல்லை. பிராடோவின் சேகரிப்பில் பெரும்பகுதி கிடங்கில்தான் இருக்கிறது. சுவரில் இருப்பவையும் அவ்வப்போது வேறு நாட்டுக் கண்காட்சிகளுக்கு இரவலாகப் போகும், பழுதுபார்க்கும் பட்டறைக்குப் போகும், அறை மாறும்.

அருங்காட்சியகத்தின் தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் தனிப் பக்கம் உண்டு. இந்தப் படத்தின் பதிவு எண் பி002254 (தளத்தில் P002254). அந்தப் பக்கத்தில் அறை எண் போட்டிருந்தால் படம் சுவரில் இருக்கிறது. ‘காட்சியில் இல்லை’ என்று இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தேடும்போது ஓவியர் பெயர் தடுமாற வைக்கும்: ஸ்பானியர்கள் அவரை ‘கிளாவ்தியோ தெ லொரேனா’ என்பார்கள். பெயரால் தேடிக் கிடைக்காவிட்டால் எண்ணால் தேடுங்கள்.

இன்று அறை எண் இருந்தால் நான்கு மாதம் கழித்தும் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. தளத்தில் உள்ள தொடர்பு முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஆங்கிலத்தில் மூன்று வரி போதும்: படத்தின் எண், நீங்கள் வரப்போகும் வாரம், அப்போது அது காட்சியில் இருக்குமா என்ற கேள்வி. இரவல் போகும் படங்களுக்குத் தேதி முன்கூட்டியே முடிவாகியிருக்கும் என்பதால் இந்தக் கேள்வியைக் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. விமானச் சீட்டுக்குப் பணம் கட்டும் அன்றும், கிளம்புவதற்கு முந்தின வாரமும் அந்தப் பக்கத்தை மறுபடி பாருங்கள்.

2. தேதியை முடிவு செய்யுங்கள்

ஜூலை, ஆகஸ்டில் மாட்ரிட் வெயில் சென்னையின் கத்திரியை நினைவூட்டும், விமான டிக்கெட் விலையும் உச்சத்தில் இருக்கும். ஏப்ரல்–மே அல்லது அக்டோபர்–நவம்பர் நல்லது. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், ஓட்டல் வாடகை ஏறியிருக்கும்.

பிராடோ வாரம் முழுவதும் திறந்திருக்கும். திங்கள் முதல் சனி வரை காலை 10 மணி முதல் இரவு 8 வரை, ஞாயிறும் பொது விடுமுறை நாளும் இரவு 7 வரை. ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 மூடல். ஜனவரி 6, டிசம்பர் 24, 31 ஆகிய நாட்களில் மதியம் 2 மணிக்கே கதவை அடைத்துவிடுவார்கள். மே முதல் வாரத்தில் போகிறவர்கள் மே 1 மூடலைக் கவனியுங்கள்.

மாட்ரிட்டில் குறைந்தது மூன்று இரவு வையுங்கள். வந்த அன்று கண் சொக்கும், அன்று ஓவியம் பார்ப்பது வீண். இரண்டாம் நாள் ஒரு தடவை, மூன்றாம் நாள் இன்னொரு தடவை என்று இரண்டு முறை பார்ப்பதுபோல் திட்டமிடுங்கள்.

3. விசா: காகிதங்களைச் சேர்ப்பது

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) குறுகிய கால விசா வேண்டும். மலேசிய, சிங்கப்பூர், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம், இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி, ஆனால் 45 நாள் வரை நீட்டிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அதோடு நேர்முக அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே கோடைக்கு முன் பெரிய பாடாகிவிடும். மூன்று மாதம் முன்னால் தொடங்கினால் நிம்மதி.

இந்தியாவில் ஸ்பெயினுக்கான விண்ணப்பங்களை வாங்குவது பி.எல்.எஸ். இன்டர்நேஷனல், சென்னையிலும் மையம் இருக்கிறது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழ் இலவசம். ரூபாயில் கட்டலாம். இதன் மேல் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறுஞ்செய்தி, கூரியர், தனி அறை என்று வரிசையாகக் கேட்பார்கள். அவை உங்கள் விருப்பம், வேண்டாம் என்று சொல்லலாம். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பாது.

அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்கும் இடைத்தரகர்கள் ஏராளம். அதிகாரபூர்வத் தளம் போலவே தோற்றமளிக்கும் தளங்களும் உண்டு. தூதரகத்தின் தளத்துக்குப் போய் அங்கிருக்கும் இணைப்பு வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும், தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள்.

சேர்க்க வேண்டியவை:

- பாஸ்போர்ட்: கடந்த பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டது, திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லக்கூடியது, இரண்டு பக்கமாவது காலியாக இருப்பது. பழைய பாஸ்போர்ட் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.
- பூர்த்தி செய்து கையெழுத்திட்ட விண்ணப்பம், 35×45 மி.மீ. அளவில் வெள்ளைப் பின்னணியில் புதிய புகைப்படம்.
- பயண மருத்துவக் காப்பீடு: குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், வந்து போகும் நாள் உட்பட.
- போக வர விமான முன்பதிவு, எல்லா இரவுக்கும் தங்குமிட முன்பதிவு.
- வங்கிக் கணக்கு விவரம், வங்கி முத்திரையோடு. மூன்று மாதம் கேட்பார்கள், ஆறு மாதத்துக்கு வைத்தால் கேள்வி குறையும்.
- சம்பளச் சீட்டு, வருமான வரி ரிட்டர்ன், அலுவலகத்திலிருந்து விடுப்புக் கடிதம். சொந்தத் தொழில் என்றால் ஜி.எஸ்.டி. பதிவு, ஓய்வு பெற்றவர் என்றால் ஓய்வூதிய ஆவணம்.
- உங்கள் கைப்பட ஒரு முகப்புக் கடிதம்.

பணம் எவ்வளவு காட்ட வேண்டும்? ஸ்பெயின் ஆண்டுதோறும் ஒரு தொகை நிர்ணயிக்கிறது. இப்போது அது நாளொன்றுக்கு 100 யூரோவுக்கு மேல். இதில் ஒரு சூட்சுமம்: இரண்டு நாள் மட்டும் போவதாக இருந்தாலும், மொத்தமாக 1,000 யூரோவுக்குச் சற்று மேல் காட்டியாக வேண்டும். இது குறைந்தபட்சம்தான். கணக்கில் அவ்வளவுதான் இருக்கிறது என்றால் பயணத்தை யாரும் நம்ப மாட்டார்கள். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மச்சானிடம் இரண்டு லட்சம் வாங்கிப் போட்டுக் காட்டுவதும் வேண்டாம். திடீர் வரவு அவர்கள் கண்ணில் முதலில் படும்.

அப்புறம், நம் ஊர்க்காரர்களுக்கே உரிய இனிஷியல் பிரச்சினை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், வங்கிக் கணக்கில் ஒற்றை எழுத்தாக இருக்கும், ஆதாரில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். குடும்பப் பெயர் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட்டும் நம்மிடம்தான் அதிகம். விண்ணப்பம், காப்பீடு, விமான முன்பதிவு மூன்றும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். மற்ற ஆவணங்களில் பெயர் மாறியிருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று முகப்புக் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

முகப்புக் கடிதத்தில் உண்மையைச் சொல்லுங்கள். ஓவியம் பார்க்கப் போகிறேன் என்று எழுதினால் சிரிப்பார்களோ என்று தயங்கி ‘சுற்றுலா’ என ஒரே சொல்லில் முடிக்க வேண்டாம். எந்தப் படம், எந்த நாள் அருங்காட்சியகம், மீதி நாள் எங்கே என்று ஒரு பக்கத்தில் தேதிவாரியாக எழுதினால் அதைவிடத் தெளிவான பயணக் காரணம் இருக்க முடியாது.

பாரிஸையும் சேர்த்துக்கொள்கிறீர்கள் என்றால், எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறதே என்று வேறு நாட்டில் விண்ணப்பிப்பது பலரை மறுப்பில் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

கைரேகை ஒருமுறை கொடுத்தால் 59 மாதம் செல்லும். முன்பே ஷெங்கன் விசா வாங்கியவர்கள் விண்ணப்பத்தில் அந்தத் தேதியைக் குறிப்பிடுங்கள்.

4. விமானமும் தங்குமிடமும்

விசா கையில் வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட் எதையும் வாங்காதீர்கள். ஓட்டலும் இலவசமாக ரத்து செய்யக்கூடியதாக இருக்கட்டும். அதற்காக விண்ணப்பம் கொடுத்த மறுநாளே ரத்து செய்துவிடாதீர்கள், சரிபார்ப்பது உண்டு.

சென்னையிலிருந்து மாட்ரிட்டுக்கு நேர் விமானம் இல்லை. தோகா, துபாய், அபுதாபி வழியாகப் போனால் குடியேற்றச் சோதனை மாட்ரிட்டில் நடக்கும். பிராங்பர்ட் போன்ற ஐரோப்பிய நகரம் வழியாகப் போனால் அங்கேயே நடந்துவிடும், அதனால் இடைவெளி இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்படி பாருங்கள். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் புதிய முறை வந்திருக்கிறது, வரிசை மெதுவாகத்தான் நகரும். லண்டன் வழி டிக்கெட் மலிவாகத் தெரிந்தால் ஆசைப்படாதீர்கள், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விமானம் மாறவே தனி விசா தேவைப்படலாம்.

தங்குவதற்கு அதோச்சா ரயில் நிலையச் சுற்றுவட்டாரம் வசதி. பிராடோவுக்கு நடந்தே போகலாம். விமான நிலையத்திலிருந்து 203 எண் மஞ்சள் பேருந்து 5 யூரோ, பகலில் அதோச்சா வரை வரும். இரவில் சிபேலேஸ் சதுக்கத்தோடு நின்றுவிடும். டாக்ஸிக்கு நகர மையம்வரை நிலையான கட்டணம், 30 யூரோவுக்குச் சற்று மேல். மீட்டர் போட்டுக் கூடுதலாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை: கடையில் ‘வெஹெத்தால்’ என்று எழுதியிருக்கும் சாண்ட்விச்சில் பெரும்பாலும் சூரை மீனும் முட்டையும் இருக்கும். கேட்டு வாங்குங்கள்.

5. பிராடோ டிக்கெட்

பொதுக் கட்டணம் 15 யூரோ. 18 வயதுக்குக் கீழ் இலவசம். 18 முதல் 25 வயது வரை உள்ள மாணவர்களுக்கும் அட்டை காட்டினால் இலவசம். கல்லூரி அடையாள அட்டையில் ஆங்கிலமும் செல்லுபடித் தேதியும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்திலேயே நேரம் குறித்து வாங்கலாம். வெளித்தளங்களில் அதே டிக்கெட் ‘வரிசை தவிர்ப்பு’ என்ற பெயரில் கூடுதல் விலைக்கு விற்கும். வாங்கிய டிக்கெட்டைத் திருப்பித் தர முடியாது, அதனால் விசா வந்த பிறகு வாங்குங்கள்.

தினமும் கடைசி இரண்டு மணி நேரம் இலவச அனுமதி: திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8, ஞாயிறும் விடுமுறை நாளும் 5 முதல் 7. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வரிசை அதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிடும், உள்ளே போகும்போது பாதி நேரம் போயிருக்கும், மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே அறைகளைக் காலி செய்யச் சொல்வார்கள். இவ்வளவு செலவு செய்து வந்துவிட்டு 15 யூரோவில் மிச்சம் பிடிப்பது சரியல்ல என்பது என் கருத்து. முதல் தடவை காலை 10 மணிக்குக் காசு கொடுத்துப் போங்கள். இரண்டாவது தடவைக்கு இலவச நேரத்தைப் பயன்படுத்தலாம், அப்போது அறை எங்கே என்று தெரிந்திருக்கும், நேராக அங்கே போய்விடலாம்.

6. உள்ளே நுழைந்ததும்

விமான நிலையம் போலவே பையை ஸ்கேன் செய்வார்கள். பெரிய பை, குடை எல்லாம் பொருள் காப்பறையில் விட வேண்டும். 40 செ.மீ.க்கு மேற்பட்ட பெட்டியோடு போனால் அதைக் காப்பறையிலும் வாங்க மாட்டார்கள், விமானத்துக்குப் போகும் வழியில் எட்டிப் பார்க்கலாம் என்ற திட்டம் வேண்டாம்.

கூடங்களில் புகைப்படம் எடுக்கக் கூடாது. பிளாஷ் இல்லாமலும் கூடாது, போனிலும் கூடாது. காவலர்கள் உடனே வந்துவிடுவார்கள். அதனால் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே அருங்காட்சியகத் தளத்தில் இந்தப் படத்தைப் பெரிதாக்கி, மூலை மூலையாகப் பார்த்து வையுங்கள். புனிதை எங்கே நிற்கிறார் என்பது தெரிந்திருந்தால் நேரில் அவரைத் தேடும் நேரம் மிச்சம்.

வரைபடத்தை வாயிலில் வாங்கி, அன்றைய அறை எண்ணைக் காவலரிடம் உறுதி செய்துகொண்டு நேரே அங்கே போங்கள். போஷ், கோயா போன்ற மற்ற ஓவியர்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தால் கால் வலியோடுதான் இங்கே வந்து சேர்வீர்கள்.

7. படத்தின் முன்

உடனே கிட்டே போகாதீர்கள். ஐந்தாறு அடி தள்ளி, நடுவில் நில்லுங்கள். சூரியன் நம்மைப் பார்த்து, அடிவானத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. இருபுறமும் உள்ள மாளிகைகளின் விளிம்புக் கோடுகள் எல்லாம் அந்த வெளிச்சத்தை நோக்கித்தான் ஓடுகின்றன. கொஞ்ச நேரம் வெளிச்சத்தை மட்டும் பாருங்கள்: தூரத்துக் கப்பலின் பாய்மரம் புகையாகத் தெரியும், அருகில் வர வர நிறம் அடர்ந்து, நம் காலடிப் பக்கம் நிழலாகிவிடும். எந்த இடத்தில் கடல் முடிந்து வானம் தொடங்குகிறது என்று சொல்வது கஷ்டம்.

அதன் பிறகு கிட்டே போய்க் கரையோரம் இருக்கும் மனிதர்களைப் பாருங்கள். பவுலா நான்காம் நூற்றாண்டு ரோமானியப் பணக்காரக் கைம்பெண். 385-ல் ஒரு மகளை மட்டும் அழைத்துக்கொண்டு, மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் புனித பூமிக்குக் கப்பலேறினார். பெத்லகேமில், பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த புனித எரோணிமுஸோடு (ஜெரோம்) மடங்கள் நிறுவி அங்கேயே இறந்தார். ஒரே மகன் தொக்சோசியு கரையில் நின்று கை நீட்டி அழைத்ததாக எரோணிமுஸ் தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். இவ்வளவு கண்ணீர்க் கதையை வைத்துக்கொண்டு லொரேன் யாருடைய முகத்தையும் பெரிதாக வரையவில்லை. ‘இயற்கைக் காட்சியைத்தான் விற்கிறேன், உருவங்கள் இனாம்’ என்று அவர் வேடிக்கையாகச் சொல்வாராம். அவருடைய ஆட்கள் கொஞ்சம் நீளமாக, விறைப்பாகத்தான் இருப்பார்கள். குறை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சின்ன உருவத்தையும் எதிரே உள்ள கடலையும் மாறி மாறிப் பார்த்தால், அவர் போகப்போகும் தூரம் எவ்வளவு என்பது முகம் தெரியாமலே புரிந்துவிடுகிறது.

இந்தப் படத்துக்கு ஒரு ஜோடி உண்டு: அதே அளவில் வரைந்த ‘தோபியாவும் வானதூதர் இரபேலும்’. இங்கே காலை, அங்கே மாலை. இங்கே துறைமுகம், அங்கே ஆற்றங்கரை. இரண்டும் நான்காம் பிலிப் மன்னரின் புவென் ரெதீரோ அரண்மனைக்காகச் செய்தவை. இரண்டும் சுவரில் இருந்தால் ஒன்றுக்கும் மற்றதற்கும் நாலு முறை நடந்து பாருங்கள், வெளிச்சத்தின் நிறம் மாறுவது அப்போதுதான் பிடிபடும். ஒரு படத்துக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். சின்ன நோட்டும் பென்சிலும் இருக்கட்டும்.

8. போன அன்று அறை மூடியிருந்தால்

ஆள் பற்றாக்குறையாலோ வேலை நடப்பதாலோ ஓர் அறையை அடைத்து வைப்பது உண்டு. வாயிலருகே உள்ள தகவல் மேசையில் மாலைக்குள் திறப்பார்களா, நாளை திறப்பார்களா என்று கேளுங்கள். டிக்கெட்டோடு வெளியே போய்விட்டால் அதே சீட்டில் திரும்ப விட மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு, கேட்டு முடிக்கும்வரை உள்ளேயே இருங்கள்.

காத்திருக்கும் நேரத்துக்கு ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் ‘வனத்து அந்தோணியாரும் வனத்துச் சின்னப்பரும்’ இருக்கிறது. அதுவும் ரெதீரோவுக்காகச் செய்ததுதான், பாறையும் பள்ளத்தாக்கும் நிறைந்த பெரிய படம். இரு முனிவர்களுக்கும் காகம் ரொட்டி கொண்டுவருவது முன்னால் தெரியும். பின்னால், அந்தோணியார் வழி கேட்டு வந்த கதையும், சிங்கங்கள் குழி தோண்டுவதும் சின்னச் சின்னதாக ஒரே காட்சிக்குள் ஒளிந்திருக்கும். வெலாஸ்கெஸ் என்றதும் கூட்டம் 12-ஆம் அறையில் உள்ள ‘லாஸ் மெனினாஸ்’ முன்னால்தான் திரளும், இதன் முன் இடம் கிடைக்கும். பிளெமிஷ் ஓவியர் பத்தினீர் வரைந்த எரோணிமுஸ் படமும் பிராடோவில் உண்டு, நிலக்காட்சியில் சின்னப் புனிதர்தான், ஆனால் அது நூறு வருடத்துக்கும் மேல் முந்தையது. தளத்தில் தேடும்போது அதையும் வெலாஸ்கெஸ் படத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பதிவு எண்களை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தால் மொழி தெரியாவிட்டாலும் காவலரிடம் காட்டிக் கேட்டுவிடலாம். வெலாஸ்கெஸ் படத்துக்கு அது பி001169 (P001169).